மதுரைக்குக் குடிவந்தவர்களுக்கு: எந்தக் கடை, எந்தக் கண்மாய், எத்தனை மணிக்கு

வேலை மாற்றலாகியோ படிக்கவோ கல்யாணமாகியோ மதுரைக்குப் புதிதாக வந்து சேர்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும், சாயங்காலம் காற்றாட உட்கார எங்கே போவது? ஊர்க்காரர்கள் நாங்களும் ஆளாளுக்கு நாலு கடைப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர்கள் காலை பதினொரு மணிக்குக் கறிதோசை தேடிப் போகிறார்கள், மத்தியானம் இரண்டு மணிக்குத் தெப்பக்குளக் கரையில் நின்று வெயிலில் காய்கிறார்கள், அப்புறம் "இதுக்கா இம்புட்டுப் பேச்சு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இந்த ஊரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்குப் போய் நின்றால் பெயர்ப்பலகை இல்லாத தள்ளுவண்டியில்கூட அருமையாகச் சாப்பிடலாம், நேரம் தப்பினால் பேர்போன கடையிலும் சுமாராகத்தான் இருக்கும். அதனால் இடத்தை நேரத்தோடு சேர்த்தே சொல்லப்போகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுடைய விருப்பு வெறுப்பு இதில் கட்டாயம் இருக்கும்.

முதலில் தெருக்களைப் பழகுங்கள்

மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, கடைசிச் சுற்று வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு பக்கம். இது புரிந்துவிட்டால் "தெற்கு மாசி வீதிக்கு வா" என்று யாராவது சொன்னதும் செல்போனைத் தேடாமல் போய்விடலாம். வெளி வீதி பின்னால் வந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடி ஊரை விரித்தபோது உண்டான தெருக்களில் அதுவும் ஒன்று. ஜவுளி வாங்கப் போகும்போது நீங்கள் அடையாளம் கேட்கப்போகும் விளக்குத்தூண் அவர் நினைவாக நட்டதுதான்.

வைகைக்குத் தெற்கே இருக்கும் இந்தப் பழைய ஊரை நாங்கள் டவுன் என்போம். ஆற்றுக்கு வடக்கே கோரிப்பாளையம், தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், அண்ணா நகர், கே.கே. நகர் என்று ஊர் விரிந்து அய்யர் பங்களா, திருப்பாலை வரைக்கும் போய்விட்டது. மேற்கே காளவாசல், எஸ்.எஸ். காலனி. தெற்கே பழங்காநத்தம், அதைத் தாண்டிப் பசுமலை, திருநகர். பஸ் விஷயத்தில் ஒன்று தெரிந்தால் போதும்: தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கம் போக ஆரப்பாளையம், மற்ற வெளியூர்களுக்குப் பெரும்பாலும் மாட்டுத்தாவணி, டவுன் பஸ்ஸுக்குப் பெரியார். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

வந்த முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, நான்கு மாசி வீதிகளையும் நடந்தே சுற்றி வாருங்கள். எதுவும் வாங்க வேண்டாம். எந்தத் தெருவில் எந்த வியாபாரம் என்று கண்ணில் பதிந்தாலே பாதி மதுரை பிடிபட்டுவிடும். சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள். வண்டியில்தான் வருவேன் என்றால், பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் பல அடுக்கு நிறுத்தம் இருக்கிறது, அங்கே போட்டுவிட்டு நடப்பது நல்லது. மாசி வீதியில் ஓரமாக நிறுத்தலாம் என்று காருடன் வந்தால் உங்களுக்கும் கஷ்டம், பின்னால் வருகிறவனுக்கும் கஷ்டம்.

அப்புறம் ஒரு டீக்கடையைப் பிடியுங்கள்

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் டீக்கடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஆறு மணிக்குள் போனால் பாயிலர் சூடும் பாலும் புதுசு. கண்ணாடிக் கிளாஸில் ஆற்றித் தருகிற கடையாகப் பாருங்கள், பேப்பர் கப்பில் வாயை வைத்தால் டீ ருசியே தெரியாது. "அண்ணே, ஒரு டீ, ஸ்ட்ராங்கா, சீனி கம்மியா" என்று தினமும் ஒரே மாதிரி சொன்னால் சீக்கிரமே நீங்கள் தெருமுனையில் திரும்பும்போதே மாஸ்டர் டிகாக்‌ஷனைக் கிளாஸில் இறக்கியிருப்பார். அதற்கு மேலான லாபம் வேறு. வாடகைக்கு வீடு காலியாவது, நல்ல பிளம்பர் யார், எந்தத் தெருவில் என்றைக்குத் தண்ணீர் வரும், பால்காரர், கேஸ்காரர், சமையலுக்கு ஆள் என்று எல்லாச் சேதியும் அந்தப் பெஞ்சில்தான் கை மாறுகிறது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகையைக் கொடுப்பதற்கு முன்னால் டீ மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

வடை சாப்பிட நேரம் சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்து. சட்டியிலிருந்து எடுத்துக் கம்பித்தட்டில் எண்ணெய் வடிய வைத்ததும் வாங்கிவிடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் போய் ஒரு மணி நேரம் கழித்து வருவது வேறு பண்டம். முள்முருங்கை இலை சேர்த்த பச்சை வடை எங்காவது தட்டுப்பட்டால் விடாதீர்கள், மேலே தூவித் தருகிற பொடியோடு சாப்பிடுங்கள். காபிக்காரர்களுக்குக் கோரிப்பாளையத்தில் விசாலம் காபி இருக்கிறது. நின்றுகொண்டே குடித்துவிட்டு, வீட்டுக்கும் பொடி அரைத்து வாங்கி வரலாம்.

காய்கறியும் பூவும்

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இந்த ஊரில்தான் திறந்தார்கள். 1999 நவம்பர் 14, அண்ணா நகர். இன்றைக்கும் அங்கே காலையில் நல்ல கூட்டம். சொக்கிகுளத்திலும் பழங்காநத்தத்திலும் உண்டு. அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், முதலில் அதைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். ஏழு மணிக்குள் போனால் கீரையில் பனி ஈரம் இருக்கும். ஒன்பதுக்கு மேல் போனால் வெண்டைக்காயைப் பொறுக்கி எடுத்துவிட்டு முற்றலை மிச்சம் வைத்திருப்பார்கள். பை கொண்டு போங்கள். பத்து ரூபாய்க் கீரைக்கு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள், விடிந்ததும் விடியாததுமாகத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாவிடம் அவ்வளவு சில்லறை இருக்காது. மொத்தமாக வாங்க மாட்டுத்தாவணி மார்க்கெட். வாழைப்பழத்துக்கு யானைக்கல்.

பூ மார்க்கெட்டும் மாட்டுத்தாவணியில்தான். மல்லிகையைப் பற்றி ஊருக்கே தெரியும், 2013இல் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. ஆனால் மார்க்கெட்டுக்கு ஒரு தடவையாவது விடியற்காலையில் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன பூ என்று தெரியும். மொட்டாகவே பறித்து, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கையை உள்ளே விட்டால் சில்லென்று இருக்கும். மதுரை மல்லி மொட்டு கொஞ்சம் தடிப்பாக, காம்பு நீளமாக இருக்கும், அதனால்தான் கட்டவும் தோதாக வருகிறது, சாயங்காலம் வரை வாடாமலும் நிற்கிறது. வீட்டுக்கு வேண்டுமென்றால் உதிரிப்பூவாக எடைக்கு வாங்கி நீங்களே கட்டிக்கொள்ளலாம். கட்டத் தெரியாவிட்டால் தெருமுனையில் பூக்கட்டும் அக்காவிடம் முழக்கணக்கில் வாங்குங்கள். முகூர்த்த நாளிலும், பனியில் விளைச்சல் குறைகிற மார்கழி, தை மாதங்களிலும் விலை எங்கேயோ போய்விடும். அந்த நாட்களில் போய் நின்றுகொண்டு பூக்காரரிடம் சண்டை போட்டுப் பிரயோசனமில்லை.

காற்றாட எங்கே போவது

பூங்கா என்று தேடினால் மதுரை உங்களை ஏமாற்றும். இருக்கிறவை சொற்பம். தல்லாகுளத்தில் மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டி எக்கோ பார்க், காந்தி மியூசியத்துக்குப் பக்கத்தில் ராஜாஜி பூங்கா. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகலாம், ஆனால் அமைதியை எதிர்பார்க்காதீர்கள். என்னைக் கேட்டால் ராஜாஜி பூங்காவைவிட அடுத்தாற்போல் இருக்கும் காந்தி மியூசிய வளாகம் மேல். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைதான் 1959இல் மியூசியமானது. மரமும் நிழலும் இருக்கிறது, சத்தம் இல்லை. உள்ளே காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணியை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் யாருக்கும் கொஞ்ச நேரம் அந்த மரத்தடியில் உட்காரத்தான் தோன்றும். காலை நடைக்கு வடக்குப் பக்கத்துக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் மைதானம்.

இந்த ஊரின் பசுமை கண்மாய்க் கரையிலும் மலையடியிலும்தான் இருக்கிறது. இதை எத்தனை சீக்கிரம் புரிந்துகொள்கிறீர்களோ அத்தனை சீக்கிரம் மதுரை உங்களுக்குப் பிடித்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் கண்மாய்கள் நிறையும். மாடக்குளம் கண்மாய் பெருகிக் கிடக்கும்போது காலை ஆறு மணிக்குக் கரையில் நில்லுங்கள், பசுமலைப் பக்கமிருந்து வருகிற காற்றுக்கு எந்த ஏசியும் ஈடாகாது. அவனியாபுரத்தைத் தாண்டிச் சாமநத்தம் கண்மாய் இருக்கிறது, பறவை பார்க்கிறவர்களுக்கு அதுதான் இடம். நாரை, நீர்க்காகம், கொக்கு எல்லாம் மார்கழி, தை மாதங்களில் கூட்டம் கூட்டமாக இறங்கும். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், வண்டி ஹாரனைக் கரையில் அடிக்காதீர்கள். வண்டியூர் கண்மாய் கே.கே. நகர், அண்ணா நகர்க்காரர்களுக்குப் பக்கம். சித்திரை, வைகாசியில் இதே கண்மாய்களுக்குப் போனால் வெடித்த மண்ணையும் கருவேல முள்ளையும்தான் பார்ப்பீர்கள்.

சாயங்காலத்துக்கு என் முதல் ஓட்டு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குத்தான். திருமலை நாயக்கர் வெட்டியது. மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த இடம்தான் குளமாயிற்று, அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது வருஷத்தில் பாதி நாள் குளம் வறண்டு கிடக்கும், பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகையிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் விடுவதால் குளம் நிறைந்து நிற்கிறது, அந்தப் பகுதிக் கிணறுகளும் தெம்பாக இருக்கின்றன. ஐந்தரை மணிக்குப் போய்க் கரையில் இடம் பிடியுங்கள். ஏழு மணிக்கு மேல் சுற்றிலும் தீனிக் கடைகள் சூடுபிடித்துவிடும், குடும்பம் குடும்பமாக வருவார்கள், அப்போது உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா. அன்றைக்குச் சும்மா காற்று வாங்கப் போக வேண்டாம், திருவிழாவுக்கென்றே போங்கள்.

மலைகளில் முதலில் சமணமலைக்குப் போங்கள். தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், விழுது இறங்கிய ஆலமரங்கள். அங்கேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலும் போன காரியம் நிறைவுதான். ஆனாலும் பாறையில் வெட்டிய படியில் ஏறிப் பேச்சிப்பள்ளம் வரைக்கும் போங்கள். பாறைச் சுவரில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்டவை. அவற்றின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர் இருக்கிறது. காலைச் சாய்வெயில் விழும்போது எழுத்துகளின் குழி நிழலாகி நன்றாகத் தெரியும், தலைக்கு மேல் வெயில் வந்துவிட்டால் வெறும் பாறையாகத்தான் தெரியும். ஆறு மணிக்கு ஏறினால் எட்டரைக்குள் இறங்கிவிடலாம், அதற்கு மேல் பாறை காலைச் சுடும். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மலையில் ஏறும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிற இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, பாறையில் ஆணியால் கீறிய பெயர்களும் இதயப் படங்களும். இன்னொன்று, ராத்திரி குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் சில்லு. ஆடு மேய்க்கிற அக்காக்கள் செருப்பில்லாமல் நடக்கிற பாறை அது. நீங்கள் போட்டதாக இல்லாவிட்டாலும் இறங்கும்போது ஒரு பையில் நாலு சில்லைப் பொறுக்கிக் கொண்டுவந்து கீழே சேருங்கள். ஊர்க்காரர்கள் உங்களை மரியாதையாகப் பார்ப்பார்கள், அடுத்த தடவை போகும்போது மோரும் கொடுப்பார்கள்.

அரிட்டாபட்டிக்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். மேலூர்ப் பக்கம், காலையில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஏழு குன்றுகள், சுனைகள், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் சிற்பம், ராஜாளி வகைப் பறவைகள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருஷத்தில் அதையும் சேர்த்து அந்த வட்டாரத்தையே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்று வட்டாரக் கிராமங்களே திரண்டன. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரைக்கும் ஜனங்கள் நடந்தே வந்தார்கள், அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த ஊருக்குப் போகும்போது இது தெரிந்து போங்கள். சுற்றுலாத் தலம் என்று நினைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். ஊருக்குள் வண்டியை நிறுத்தி, "அய்யா, மலைக்கு எந்தப் பக்கம் போகணும்" என்று பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் அவரே கூட வந்துவிடுவார்.

அழகர்மலை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நூபுர கங்கையில் குளித்துவிட்டு, பழமுதிர்சோலை முருகனைப் பார்த்துவிட்டு, கோயில் தோசைப் பிரசாதம் சாப்பிடாமல் வராதீர்கள். கையில் தின்பண்டப் பை தெரிந்தால் குரங்கு விடாது.

மத்தியானம் மெஸ், சாயங்காலம் கறிதோசை

மதுரை அசைவச் சாப்பாட்டைப் பழக மெஸ்ஸில் ஆரம்பியுங்கள். அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் மூன்றும் பேர்போனவை, மூன்றுக்கும் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். ஒரு மணிக்கு மேல் பின்னால் ஆள் நிற்க அவசரமாக விழுங்க வேண்டியிருக்கும். சாப்பாடு இலையில் விழுந்ததும் ஒரு பெரிய தட்டில் மூளை, சுக்கா, குடல், நல்லி எலும்பு, மீன் எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து நீட்டுவார்கள். பார்க்கத்தான் அது, எதை எடுக்கிறீர்களோ அதற்குத்தான் காசு. ஆசையில் நாலைந்தை எடுத்துவிட்டால் பில் கனக்கும், அதனால் விலையைக் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். அயிரை மீன் குழம்பு இருக்கிற நாளில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை வாங்குங்கள்.

கறிதோசைக்குச் சிம்மக்கல் கோனார் கடை. ராத்திரி ஏழு, எட்டு மணிதான் அதற்கு நேரம். கல்லில் மாவைத் தடியாக ஊற்றி, மேலே முட்டையை உடைத்துப் பரப்பி, கொத்துக்கறியை வைத்து அழுத்தி, திருப்பிப் போடுவார்கள். கறி கல்லில் பட்டுச் சற்றே முறுகும்போது ஒரு வாசம் வரும், அந்த வாசத்துக்கே வெளியே நிற்பவர்களின் பேச்சு நின்றுவிடும். ஒருவருக்கு ஒன்று போதும். சைவக்காரர்களுக்கு மேலச் சித்திரை வீதிப் பக்கம் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம், சாயங்கால டிபன் நேரத்துக்குப் போங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரேமா விலாஸில் சுடச்சுட அல்வா. பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே இலையில் வாங்கி நின்று சாப்பிட்டால்தான் அது அல்வா. பன் புரோட்டாவுக்குச் சாத்தமங்கலம்.

ஜிகர்தண்டா விஷயத்தில் ஊரெல்லாம் பலகை வைத்துவிட்டார்கள். விளக்குத்தூண் கடைக்கே போங்கள். சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி, மேலே ஐஸ்கிரீம், அவ்வளவுதான் அதில். பிசின் கண்ணாடி மாதிரி தனித்தனியாகத் தெரிய வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு குடிக்காதீர்கள், வெயில் தாழ நான்கு மணிக்குக் குடிக்க வேண்டியது அது. என்னுடைய சொந்த விருப்பம் பருத்திப்பால்தான். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, வெல்லம், சுக்கு, ஏலம் போட்டுக் காய்ச்சியது. சாயங்காலம் தள்ளுவண்டியில் வரும், மழைக்கால ராத்திரியில் அதற்கு நிகரில்லை.

லேப்டாப் ஆட்களுக்கு

அண்ணா நகர், கே.கே. நகர் எண்பதடி ரோடு, பைபாஸ் ரோடு, அய்யர் பங்களா பக்கமெல்லாம் புதுப்புது கஃபேக்கள் வந்திருக்கின்றன. நண்பர்களோடு பேசப் போகலாம். வேலை பார்க்கவென்றால் சனி, ஞாயிறு ஆகாது, பாட்டுச் சத்தத்தில் போன் பேச முடியாது, ஒரு காபி விலைக்கு வெளியே இரண்டு பேர் டிபனே முடித்துவிடலாம். படிக்கவும் எழுதவும் இடம் வேண்டுமென்றால் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். 2023 ஜூலையில் திறந்தது. குளுகுளுவென்று ஏசி, நல்ல வெளிச்சம், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள், நீங்களும் திறக்கிற நேரத்துக்குப் போனால்தான் ஜன்னலோரம் கிடைக்கும்.

பெங்களூரிலிருந்து வருகிற தம்பிகள் பப் எங்கே என்று கேட்கிறார்கள். அந்த மாதிரி இடத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பெரிய ஹோட்டல்களில் பார் உண்டு, கொஞ்சம் செலவானாலும் உட்கார்ந்து பேச அதுதான் ஒழுங்கு. மற்றபடி டாஸ்மாக், பகல் பன்னிரண்டு முதல் ராத்திரி பத்து வரை, இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும், காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் மாதிரி நாட்களில் கடை இருக்காது. குடித்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள், கண்மாய்க் கரைக்கும் மலைக்கும் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள்.

கடைவீதி

ஜவுளிக்கு விளக்குத்தூண், பத்துத்தூண், தெற்கு மாசி வீதி. மளிகை மொத்தமாக வாங்கக் கீழ மாசி வீதி. நகைக்குத் தெற்காவணி மூல வீதி. பித்தளைக்கு வெண்கலக் கடைத் தெரு, எடைபோட்டுத்தான் விற்பார்கள். தையல்காரர்களையும் பழைய புத்தகக் கடைக்காரர்களையும் புது மண்டபத்தில் தேடாதீர்கள், மண்டபத்தைக் காலிசெய்து குன்னத்தூர் சத்திரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் கட்டுகிறவர்களுக்கு உடை தைப்பது அந்தத் தையல்காரர்கள்தான், அதனால் பங்குனி பிறந்துவிட்டால் உங்கள் ஜாக்கெட்டை அவர்களிடம் அவசரத்துக்குக் கொடுக்க முடியாது.

சுங்குடி வாங்குகிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருங்கள். சௌராஷ்டிரப் பெண்கள் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்ப்பதுதான் அசல். இப்போது கடையில் தொங்குவதில் பெரும்பகுதி அச்சுப் போட்டது. புடவையைப் பிரித்துப் புள்ளிகளைப் பாருங்கள். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே வட்டம். முடிச்சுப் போட்டதில் ஒன்று கொஞ்சம் பெரிசாக, ஒன்று கோணலாக இருக்கும், புதுப்புடவையில் விரலை ஓட்டினால் முடிச்சிருந்த இடம் லேசாகப் புடைத்துச் சுருங்கியிருப்பது தெரியும். விலை கூடுதல்தான், ஒவ்வொரு முடிச்சும் ஒருத்தி நகத்தால் கிள்ளிக் கட்டியது. அச்சுப் புடவையும் பருத்திதான், வெயிலுக்கு இதமானதுதான், அந்த விலைக்கு அதைத் தாராளமாக வாங்கலாம். முடிச்சு என்று சொல்லி அச்சை விற்றால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். கொலு பொம்மைக்கு விளாச்சேரி போங்கள், நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே.

மீனாட்சி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மத்தியானம் நடை சாத்தியிருக்கும். கடைவீதி வேலையையும் கோயிலையும் ஒரே நாளில் வைத்தால் கோயிலைக் காலையில் முதலில் முடியுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் விளக்குத்தூண் பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். துணியைப் புரட்டாசியிலேயே எடுத்துவிடுங்கள்.

சித்திரை மாதத்துக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்

மற்ற பதினொரு மாதத்துக்குச் சொன்னதெல்லாம் சித்திரையில் செல்லாது. திருக்கல்யாணத்தன்றும் தேரோட்டத்தன்றும் மாசி வீதிகளில் வண்டி ஓடாது. அழகர் ஆற்றில் இறங்குகிற சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாளே அழகர்கோவில் ரோடு முழுக்க ஜனம். வடக்குப் பக்கம் குடியிருந்தால் இரண்டு நாளைக்கு வேண்டிய காய்கறி, மருந்து, கேன் தண்ணீரை முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். ஆபீஸ் டவுனில் என்றால் லீவு சொல்லிவிடுங்கள், மதுரையில் எந்த அதிகாரியும் அதற்கு முகம் சுளிக்கமாட்டார். ஊரைவிட்டு ஓட வேண்டாம். ஊருக்குள் வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்பதுதான் எதிர்சேவை; அதற்கு முந்தின நாள் சாயங்காலமே மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் இவற்றில் எது வீட்டுக்குப் பக்கமோ அங்கே அழகர் நின்றுபோகிற மண்டகப்படி ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பர்ஸும் நகையும் வீட்டிலேயே இருக்கட்டும், கையில் பஸ்ஸுக்குக் காசு போதும். வழிநெடுக நீர்மோரும் பானகமும் புளியோதரையும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் உங்களையும் நனைப்பார்கள், அதனால் பழைய பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.